பெரியம்மா சொன்ன பெயர்

எங்கள் பெரியப்பாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது, அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் பெரியம்மா அவ்வளவு காலம் கட்டிக் காத்த ஒன்றை நான் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போவது நியாயமாகப் படவில்லை. மலைமேல் கோயில் கொண்ட சாமியின் பெயர் என்பது வரைக்கும் சொல்லலாம். அதனாலேயே பெரியம்மாவுக்குச் சாமியின் பெயரையும் சொல்ல முடியாமல் போயிற்று. தைப்பூசத்தன்று ஊரே தொண்டை கிழியக் கூப்பிடும்போது அவர் மட்டும் கைகூப்பி, உதட்டை மூடிக்கொண்டு நிற்பார். சாமியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் "மலைக்காரரு" என்பார். புருஷனைப் பற்றி என்றால் "இவுக". புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது பெரியம்மாவின் கட்சி.

இதையெல்லாம் மறுபடி கிளறிவிட்டது என் மகள்தான். அவள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். போன வருஷம் மலாக்கா குருபோங்கிலிருந்து என்னை வரவழைத்தாள். லீவு நாளில் ஏதாவது அரண்மனையைக் காட்டுவாள் என்று பார்த்தால், ஒரு பழைய செங்கல் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு காலத்தில் கதியில்லாத ஏழைகளை வைத்து, வேலை வாங்கி, கஞ்சி ஊற்றிய இடமாம். இப்போது டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். சுற்றிக் காட்டிய பெண், முற்றத்தின் நடுவே இருந்த சுவரைத் தொட்டு, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள் என்றாள். புருஷனும் பெண்டாட்டியுமாக வாசலில் நுழைந்தவர்கள் அந்த நிமிஷத்திலிருந்து தனித்தனி. வயதான ஜோடிகள் கேட்டால் சேர்ந்து இருக்க ஓர் அறை தர வேண்டும் என்று பின்னால் சட்டம் வந்ததாம். பல இடங்களில் அப்படி ஓர் அறையே இருந்ததில்லையாம். கூட வந்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு உச்சுக்கொட்ட வரவில்லை.

"இத நான் சின்னப் பிள்ளையிலேயே மெர்லிமாவ் பக்கம் பார்த்துட்டேன்லா" என்றேன் மகளிடம். அவள் நம்பவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பாவும் பெரியம்மாவும் மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். பிள்ளை இல்லை. பெரியப்பாவின் கடைசித் தம்பியான என் அப்பாவைத்தான் பிள்ளையாக வளர்த்தார்கள். தோட்டத்துப் பையன்களில் ஐந்தாம் பாரம் வரை படித்த ஒரே ஆள் அப்பா என்றால், அதற்காக இரண்டு பேர் விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடியிருக்கிறார்கள். பிறகு தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளை இடிக்கப்போகிறோம் என்று காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையோடு மலாக்காவில் எங்கள் பிளாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு அறை, ஒரு கக்கூஸ், எட்டுப் பேர். பெரியப்பாவுக்கு இருமல் வேறு. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பாத்திரங்கள்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசின. பெரியம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இரண்டாவது மாதம் அவரே அப்பாவிடம், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய இல்லம் ஒன்று இருக்கிறதாமே, நாங்கள் அங்கே போய்விடுகிறோம் தம்பி என்றார். அப்பா முடியவே முடியாது என்றார். மூன்று நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அது எந்த ரோட்டில் இருக்கிறது என்று விசாரித்தார்.

இல்லத்தில் ஒரு சட்டம் இருந்தது. யாருமே இல்லாதவர்களைத்தான் எடுப்பார்கள். சம்பாதிக்கிற தம்பி ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அப்பா எல்லாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். உறவுக்காரர்கள் உண்டா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூட மலாய் தெரியும் என்பதால் துணைக்கு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். வேறு எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. பள்ளி நாடகத்தில் எனக்கு அதுவரை மரமாக நிற்கிற வேஷம்தான் கொடுத்திருந்தார்கள். வசனத்தோடு வேஷம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம், அப்பா பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தார். இல்லத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, எங்களை மட்டும் உள்ளே அனுப்பினார்.

நீளமாக இரண்டு கட்டடங்கள், நடுவில் ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி. ஒன்றில் ஆண்கள், மற்றதில் பெண்கள். வேலி முடிகிற இடத்தில் நீலக் கதவு போட்ட சின்ன அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அது ஜோடியாக வருபவர்களுக்கு என்று வாசலில் கூட்டிக்கொண்டிருந்த ஆள் சொன்னார். பெரியம்மா அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜன்னல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

ஆபீஸில் எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடுகிற ஒரு மலாய் அம்மா தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் பெரியப்பா. உறவுக்காரர் யாராவது உண்டா என்று மக்சிக் கேட்டார். பெரியப்பா பாடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டார் போலிருக்கிறது. யாரும் இல்லை, யாருமே இல்லை என்று இரண்டு கையையும் விரித்தார். மனைவியுமா இல்லை என்று அவர் கேட்டதற்கும் அதே கையை விரித்தார். கேள்வி அவருக்குச் சரியாக விளங்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மக்சிக் எழுதிக்கொண்டார். வேலையாள் ஒருவர் வந்து பெரியப்பாவைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது பெரியம்மா. புருஷன் உண்டா என்றதும் வெட்கத்தோடு தலையாட்டி, பெரியப்பா போன திசையைக் காட்டினார். மக்சிக் முந்தைய தாளை எடுத்துப் பார்த்தார். அந்த ஆள் தனக்கு யாருமில்லை என்று இப்போதுதானே சொன்னார்? கல்யாணப் பத்திரம் இருக்கிறதா? தோட்டத்துக் கோயிலில் கட்டிய தாலிக்குப் பத்திரம் ஏது? சரி, பெயரையாவது சொல்லுங்கள், பொருந்துகிறதா பார்க்கிறேன் என்றார் மக்சிக்.

பெரியம்மா தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நீ சொல்லேன் என்கிற பார்வை அது. மக்சிக்கும் என் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியும். தோட்டத்திலிருந்து அப்பாவுக்கு வந்த கடிதங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் வசனம் அது இல்லையே. தெரியாது என்று கணீரென்று சொன்னேன். மக்சிக் பெரியம்மாவின் தாளில் புருஷன் பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். அப்பா காப்பிக் கடை வரைக்கும், நான் உள்ளே. அம்மா கொடுத்தனுப்புகிற முறுக்கும் கேசரியும் என் கையில் இருக்கும். ஆண்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெண்களுக்குச் சோறு. பெரியப்பா வேண்டுமென்றே தட்டை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டு நிற்பார். பெண்கள் வரிசை வரும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், புதுசாகப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நடந்துகொள்வது எனக்குச் சிரிப்பாக வந்தது.

மூன்றாவது தடவை போனபோது சிரிப்பு வரவில்லை. பெரியப்பா மெலிந்துபோய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியம்மா நான் கொண்டுபோனதை வாங்கி அப்படியே வேலி வழியாக அவரிடம் கொடுத்தார்.

"இங்க தெனம் கெம்போங் மீனு. இவுகளுக்குத்தான் கண்ணு சரியா தெரியாதே, முள்ளு எடுத்துக் குடுக்க ஆளில்ல. தொண்டையில ஒரு தடவ குத்திருச்சு. அதுலேருந்து வெறுஞ்சோறுதான்."

பேரைச் சொல்லிவிட வேண்டியதுதானே பெரியம்மா என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டினார்.

"அந்தப் பக்கம் நடமாடிக்கிட்டு இருக்காகல்ல. எனக்கு அது போதும்லா."

எனக்குப் போதவில்லை. நான் சொன்ன ஒரு தெரியாதுதானே இத்தனைக்கும் காரணம்? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், எனக்கு மட்டும் கால் முளைத்துவிடும். நேராக ஆபீஸுக்கு நடந்தேன். பெரியம்மா பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே, முட்டி வலியோடு தத்தித் தத்தி வந்தார்.

அவர்கள் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி, நீலக் கதவு அறையைக் கொடுங்கள் என்று மக்சிக்கிடம் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் என் பெரியப்பா, அப்பாவின் சொந்த அண்ணன் என்றேன். சொன்ன பிறகுதான் என் வசனம் ஞாபகத்துக்கு வந்தது.

மக்சிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். எங்கள் அப்பா வழியில் எல்லாருக்கும் மூக்கு ஒரே அச்சு, நடுவில் ஒரு மேடு. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து வேறொரு தாளை எடுத்தார். அப்படியென்றால் இவர்கள் இங்கே இருக்க முடியாதே, உன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

"உன் அப்பா பேர் என்ன?"

அப்பா பெயரைச் சொல்வதற்கு எனக்கு என்ன தடை? வாயைத் திறந்தேன். அதற்குள் கதவருகில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பெரியம்மா சிலிப்பரைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆண்கள் கட்டடம் இருந்த பக்கம் திரும்பி நின்று, பெரியப்பாவின் பெயரைச் சொன்னார்.

சத்தமாகத்தான் சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற தோட்டத்துப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவாரே, அந்த மாதிரி, தகப்பனார் பெயரோடு சேர்த்து முழுசாக.

"இது பக்கத்து வூட்டுப் பிள்ள. வாய்க்கு வந்தத பேசும். நீங்க இத ஒண்ணும் கேட்காதீங்க" என்று உடைந்த மலாயில் சொன்னார்.

மக்சிக் என் மூக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எடுத்த தாளை மறுபடி இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பழைய தாளைத் தேடி, கோடு போட்டிருந்த இடத்தில் பெரியப்பாவின் பெயரை எழுதினார். ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார், எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். பெரியம்மா குழாயடிக்குப் போய் மூன்று தடவை வாயைக் கொப்பளித்தார். அதற்குப் பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அறை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

அவர் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நீலக் கதவுக்குப் பின்னால் முள் எடுத்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டு பெரியப்பா இன்னும் எட்டு வருஷம் இருந்தார். பெயர் சொன்னால் ஆயுசு குறையும் என்றால், சொல்லாமல் இருந்தால் மனுஷர் நூறைத் தாண்டியிருப்பார். ஆனால் அந்த எட்டு வருஷமும் அவர் ஒவ்வொரு தடவை இருமும்போதும் பெரியம்மாவின் முகம் வெளுத்துப்போகும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

சாவி கிடைத்த அன்று காப்பிக் கடைக்கு ஓடிப்போய் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு மேலே கேட்கும்படி கத்திக் கத்தி என் பிரதாபத்தையெல்லாம் சொன்னேன். நீலக் கதவு அறையைச் சொன்னேன், மிட்டாயைச் சொன்னேன்.

"மக்சிக் உங்க பேரைத்தான் எழுத வந்தாங்கப்பா. நான் சொல்லப் போனேன். பெரியம்மா அதுக்குள்ள ஓடி வந்து பெரியப்பா பேரைச் சொல்லிட்டாங்க."

அப்பா செம்பனைத் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தினார். செயின் கழன்றுவிட்டது, இறங்கி அந்தப் பக்கம் நில்லு என்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் மிட்டாயைத் தின்று முடித்து, காகிதத்தைப் படகாக மடித்து, அதையும் பிரித்துவிட்டேன். அவர் எழுந்தபோது இரண்டு கையையும் போட்டிருந்த சிலுவாரில் துடைத்துக்கொண்டார்.

செயின் மாட்டினால் கையெல்லாம் கறுப்பு மை ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டும்போது பார்த்திருக்கிறேன். அப்பாவின் கையில் ஒரு சொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை. ஐந்தாம் பாரம் படித்தவர் என்றால் சும்மாவா, கையில் அழுக்குப் படாமல் வேலை பார்க்கத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு, பெருமையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.