கால் கிலோ கசகசா

கிளிட்டஸைக் கெட்டவன் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஷார்ஜாவில், முவைலா கேம்ப்பில், ஆறு வருடம் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் நான். கம்பெனி வேன் டிரைவர் கௌஸ் முகம்மது, ஊர் கீழக்கரை. அவன் ஏசி மெக்கானிக், குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். யாருக்கு லீவு கிடைத்தாலும் பெட்டி கட்டிக் கொடுப்பான். சண்டை என்றால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அவன் கிருபனை நேசித்தான். கிருபன் யாழ்ப்பாணத்துக்காரன், எங்கள் ஸ்டோர் கீப்பர். அறையில் ஆறு பேர். ஒருவன் இருமினால் ஐந்து பேருக்கும் தெரியும், இதுவா தெரியாது? முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஒரு முறை நான் காய்ச்சலில் கிடந்தபோது இருவரும் மாறி மாறிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

2008இல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ரோலாவில் தெருவோரம் வாங்கிய ஒரு ஜப்பான் பட டிஸ்க்கைக் கிருபன் போட்டான். இரண்டு ஆண்கள் காதலிக்கிற படம். ஒருவன் ரவுடி, மற்றவன் முடிவெட்டுகிறவன். ரவுடிக் கும்பலிலேயே ஒருவன் காட்டிக்கொடுக்க, முடிவெட்டுகிறவனைக் கொன்றுவிடுகிறார்கள். கீழே ஓடிய ஆங்கிலத்தைக் கிருபன் தமிழில் சொல்லச் சொல்ல, ஜப்பான் ரவுடிகள் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழில் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. படம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கேம்ப் பாஸ் வந்து கிருபனை ஆபீசுக்கு அழைத்துப்போனார்.

ஆணோடு தொடர்பு என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். விசா கேன்சல், மறுநாளே கொழும்பு விமானம். அங்கே யுத்தம் உச்சத்தில் இருந்த வருடம். "கொழும்புக்கு மட்டும் அனுப்பாதேங்கோ, வேற எங்கையெண்டாலும் போறன்" என்று கிருபன் ஆபீஸ் வாசலில் நின்று கெஞ்சியதை அறைக்காரர்கள் எல்லோரும் கேட்டோம். கிளம்பும்போது கிளிட்டஸிடம், "மிச்சப் படத்தை நீ பாத்து வை. நான் கோல் எடுக்கேக்க சொல்லு" என்றான். இரண்டு முறை போன் வந்தது. மூன்றாவது வாரம் அவன் அக்கா கஜந்தி அழைத்தாள். கொழும்பில், வெள்ளவத்தை லாட்ஜிலிருந்து யாரோ அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஸ்டோர் கீப்பர் நாற்காலியில் ஞானசிங் உட்கார்ந்தான். அவனும் எங்கள் அறைதான், கிளிட்டஸுக்கு ஊர்ப்பக்கம். ஒரு நாள் சாப்பிடும்போது அவனே பெருமையாக ஆரம்பித்தான்.

"ஒனக்க பேரு வராம, அவனுக்க பேர மட்டும் எழுதிக் குடுத்தேன்லே. எல்லாம் ஒனக்க அம்மைக்க மொகத்துக்காவ."

"கொழும்புக்குப் போனா அவனுக்கு என்ன ஆவும்ணு தெரியுமா ஒனக்கு?" என்று கிளிட்டஸ் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுலே" என்று சொல்லிவிட்டு ஞானசிங் மீன் முள்ளைத் துப்பினான்.

அவனுக்குத் தெரியும். ஆபீஸ் வாசலில் எங்களோடு நின்று கேட்டவன்தானே! அந்தத் தட்டை எடுத்து அவன் மூஞ்சியில் அடிக்க வேண்டும்போல் எனக்கு இருந்தது. கிளிட்டஸ் எழுந்து போய்க் கை கழுவினான்.

ஒரு வருடம் காத்திருந்தான். ஞானசிங் லீவில் போனான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. லீவு முடிந்து வருகிறவன் அறைக்காரர்களின் வீட்டுப் பார்சலை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, பிரித்தும் பார்க்கக்கூடாது. பிரித்தால் அடுத்தவன் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்த்த மாதிரி. கிளிட்டஸ் தங்கச்சி தேவகனிக்கு போன் போட்டு, முந்திரிக்கொத்துக்கு நடுவில் கால் கிலோ கசகசா வைத்து, துணியில் தைத்து ஞானசிங்கிடம் கொடுக்கச் சொன்னான். ஊரில் குருமாவுக்கு அரைக்கிற கசகசா, இங்கே போதைப்பொருள். கொண்டுவந்து மாட்டினால் நாலு வருடம் ஜெயில். கேம்ப்பில் கழிப்பறைக் கதவில்கூட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பாவம், தேவகனிக்கு அதெல்லாம் தெரியாது.

ஞானசிங் வந்து இறங்குகிற அன்று காலையில், கிளிட்டஸ் விமான நிலையத்துக்கு என்னை வண்டி எடுக்கச் சொன்னான். வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னான்.

"அங்கே நீ எதுக்குப்பா வர்றே? ஒம் பேரச் சொல்லிடுவானே!" என்றேன்.

"சொல்லட்டும் பாய்."

நான் வண்டியைத் திருப்பவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

பயணிகள் எல்லோரும் வெளியே வந்த பிறகு, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ஞானசிங் வந்தான். எங்களைக் கண்டதும் கையை நீட்டிக் கத்தினான்.

"லே கிளிட்டசே! இது ஒனக்க பார்சல்தான்ணு சொல்லுலே! எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணு சொல்லுலே!"

கிளிட்டஸ் தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போனான். போலீஸ்காரர் கையிலிருந்த பார்சலில் தங்கச்சி போட்ட தையலைத் தொட்டுப் பார்த்தான். "என்னுடையதுதான்" என்று போலீஸ்காரரிடம் ஹிந்தியில் சொன்னான். ஞானசிங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிளிட்டஸ் அவனைக் கைகாட்டி அடுத்த வார்த்தையைச் சொன்னான்.

"இவனுக்கும் தெரியும்."

இருவருக்கும் நாலு நாலு வருடம், ஒரே ஜெயில். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அந்த ஜப்பான் பட டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது, மிச்சத்தைப் பார்த்து முடிவைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் பாய்" என்றான் கிளிட்டஸ். "ஞானசிங்குக்க கட்டிலு எனக்க பக்கத்துலதான். தெனமும் காலைல கிருபனுக்க பேர அவன் காதுல சொல்லிட்டுத்தான் எந்திரிக்கேன்."