ரெட்டைத் தையல் போட்ட தூண்டில்

என் அண்ணியின் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. 'ரெட்டைத் தையல் அக்கா' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கடையைக் காட்டிவிடும். பேன்ட் மடிப்போ, கெட்டுப்போன ஜிப்போ, காது அறுந்த பையோ, எதைக் கொடுத்தாலும் போட்ட தையலுக்கு மேலேயே இன்னொரு தையல் ஓட்டித்தான் தருவாள். துணி நைந்து போகும், அண்ணியின் தையல் போகாது. பக்கத்துச் சலவைக் கடைக்காரர் ஒருமுறை தன் பேன்ட்டின் இடுப்பைப் பெரிதாக்கலாம் என்று பிரிக்கப் போனார். தையல் அசையவில்லை, துணிதான் கிழிந்தது. சண்டைக்கு வந்த மனிதரிடம், "பிரிக்கிறதுக்கா நான் தைக்கிறேன்? வயித்தைக் குறைங்க" என்றாள். அவர் கிழிந்த பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்.

கடை கீழே, அவர்கள் வீடு மேலே, அதற்கும் மேலே ஒற்றை அறையில் நான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரும்தான். நாத்தனாராகப் பிறந்தவள் அண்ணியைக் குறை சொல்ல வேண்டும் என்று எழுதாத சட்டம் இருக்கிறதே, அதை நானும் என்னால் முடிந்தவரை காப்பாற்றி வந்தேன். அண்ணன் படுத்த பிறகு அவள் பட்ட பாட்டைப் பார்த்தேனா, அப்புறம் நாக்கு எழவில்லை.

அண்ணன் பஸ் டிரைவர். லீவு நாள் என்றால் விடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கிற கற்களுக்குப் போய்விடுவான். அண்ணிக்கு மீன் வாடையே ஆகாது. "கடலை முழுசா என் துணிமேல கொண்டாந்து தடவாதீங்க, போய்க் குளிங்க" என்று வாசலிலேயே மறிப்பாள். அவன் வேண்டுமென்றே அவள் பக்கமாகப் போய் நிற்பான். அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் டிப்போவில் வண்டியை விட்டு இறங்கும்போது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் மெல்ல மெல்லத் தேறிவிட்டது. கைதான் தேறவில்லை. விரல் மடங்கும், பிடி நிற்காது. டம்ளரைக் கொடுத்தால் நழுவி விழும்.

கையைப் புழங்கினால்தான் அது திரும்பும், சும்மா வைத்திருந்தால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, பிடித்து அழுத்த ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். அண்ணன் அந்தப் பந்தைத் தொடவே இல்லை. வலது கையை மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். வருகிறவர் கண்ணில் அந்தக் கை படக் கூடாது. பஸ் கொள்ளாத கூட்டத்தோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டியவன், கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் ஆகிவிட்டான். அண்ணியின் பயமெல்லாம் அதுதான். "கை வராட்டி போகுது. ஆளே திரும்பி வராம போயிடுவாரோன்னு இருக்கு" என்று தையல் மெஷின்மேல் குனிந்தபடி சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

எப்படியாவது அவனைக் கடலுக்குக் கிளப்பிவிட வேண்டும் என்று அண்ணி கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "முடிச்சு போட முடியாதவனுக்குக் கடல் எதுக்கு?" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணிக்கு உடனே முகம் மலர்ந்துவிட்டது. முடிச்சுதானே! அது அவள் தொழில் ஆயிற்றே! அன்றைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போனாள்.

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பிக் காட்டினார். கரையிலிருந்து போடுவதற்கு எளிமையான செட்டு அது. நடுவில் மூன்று வளையங்கள் உள்ள, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலுகிற ஒரு குட்டி உலோகத் துண்டு. ஒரு வளையத்தில் ரீலிலிருந்து வரும் நைலான் நரம்பு. இன்னொன்றில் முழ நீளத்துக்கு நரம்பு, அதன் முனையில் முள். மூன்றாவதில் சாண் நீளத்துக்கு நரம்பு, அதன் முனையில் அடியில் போய் உட்கார ஈயக்குண்டு. அண்ணி நரம்பை இரண்டு கையாலும் வெட்டி வெட்டி இழுத்துப் பார்த்து, "இதைவிடத் தடியா இல்லையா?" என்றாள்.

"அக்கா, திமிங்கிலமா பிடிக்கப் போறீங்க? இது தாராளமாப் போதும். ஆனா ஈயத்துக்கு மட்டும்..." என்று அவர் ஏதோ ஆரம்பித்தார்.

"தெரியும், தெரியும். முடிச்சு போடறவளுக்கே முடிச்சு சொல்லித் தராதீங்க" என்று அண்ணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் காது கொடுத்திருக்கலாம். யார் சொல்வது அவளிடம்?

துணி வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்து கட்டினாள். நைலான் நரம்பு துணிநூல் மாதிரி சொன்ன பேச்சு கேட்காது, விட்டால் சுருண்டு எழும். முள் விரலில் ஏறியது, மேஜை விரிப்பில் ஏறியது, என் சட்டைக் கையிலும் ஏறியது. "நீ கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் என்ன?" என்று என்னையே திட்டினாள். முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்கினாள், அதன் தலையில் இன்னொரு முடிச்சு போட்டாள், நுனியை நெருப்பில் காட்டி உருக்கினாள். எல்லா இடத்திலும் அதே தடி நரம்பு, எல்லா இடத்திலும் அதே இரட்டை முடிச்சு.

அண்ணன் அதை இடது கையில் வாங்கி, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான்.

"ஈயத்துக்கும் இதே நரம்பா?"

"பின்ன? அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"இது சரிப்படாது."

"தலைகீழா நின்னு இழுத்தாலும் தாங்கும். வந்து பாருங்க."

"தாங்கிடும். அதான் கவலையே" என்று முனகினான். அவளுக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. ஆனால் ஏட்டிக்குப் போட்டி பேசவாவது வாய் திறந்தானே! என் அடுத்த லீவு நாள் காலையில் அவனைச் செருப்பு மாட்டவைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். கை அன்றைக்கும் துண்டுக்குள்தான் இருந்தது.

தூண்டில் கம்பை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையாலேயே வீசினான். கற்களைத் தாண்டியதும் ஆழம், அதனால் தூரம் வேண்டியதில்லை. ரீலின் கைப்பிடி வலது பக்கம் இருந்தது. அண்ணி அவனை ஒட்டி நின்றுகொண்டு, கை மெஷின் சுற்றுகிற மாதிரி அதைச் சுற்றினாள். எனக்கு இரைக்கு இறால் உரிக்கிற வேலை. கம்பு நுனி துடித்தது. "மாட்டிக்கிச்சு, சுத்து சுத்து!" என்று அண்ணன் கத்தினான். அவன் குரல் அப்படி உயர்ந்து எத்தனை நாளாயிற்று! அண்ணி சுற்றினாள். பாதியிலேயே நின்றுவிட்டது. ஈயக்குண்டு கல் இடுக்கில் போய் வசமாகச் சிக்கிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்கக் கம்பு வளைந்ததே தவிர வேறெதுவும் அசையவில்லை. கடைசியில் கம்புக்குப் பக்கத்திலேயே நரம்பு படீரென்று அறுந்தது. முள், ஈயம், மீன் எல்லாம் போயே போச்சு. அண்ணியின் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.

அண்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டு, "சரி, வீட்டுக்குப் போகலாம்" என்றான். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. இனி இவன் வீட்டை விட்டு இறங்கவே மாட்டான் என்று எனக்கும் பட்டது.

"ஏங்க, நான் என்ன தப்பு பண்ணேன்? அதையாவது சொல்லுங்க" என்று அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஈயத்தை மட்டும் மெல்லிசான, நைஞ்ச நரம்புல கட்டணும். கல்லுல மாட்டிக்கிட்டா அது மட்டும் அறுந்து போகணும். ஈயம் போகட்டும், மீனு நமக்கு வரும்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ கேட்டுட்டுத்தான் மறு வேலை பார்ப்ப, பாரு!"

நான் சிரித்துவிட்டேன். அண்ணி என்னை முறைத்தாள். "அறுந்து போறதுக்குன்னே ஒருத்தி முடிச்சு போடுவாளா? நல்ல கூத்தா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே அவன் தூண்டில் பெட்டியைக் கிளறி, வேறு முள்ளும் ஈயமும் பழைய மெல்லிய நரம்பும் எடுத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். முள்ளுக்குத் தடி நரம்பே போட்டுவிட்டு, ஈயத்தை மெல்லிய நரம்பில் கட்டினாள். அண்ணன் இழுத்துப் பார்த்து, இது அறுந்து வராது என்று தலையை ஆட்டினான். மறுபடி கட்டினாள். ஒற்றை முடிச்சு போட்டு முடிப்பதற்குள் அவள் விரல் தானாகவே அடுத்த முடிச்சுக்குப் போய்விடும். எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் மடியில் போட்டுவிட்டு, "மட்டமா ஒரு முடிச்சு போடக்கூட எனக்கு வக்கில்லையே. உங்களை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்து..." என்று தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, துண்டை எடுத்துக் கீழே வைத்தான்.

"இங்க கொடு."

ஈயக்குண்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். இடது கையால் நரம்பைப் பிடித்து, வலது விரல்களால் வளையம் போட முயன்றான். நழுவியது. மறுபடி போட்டான், மறுபடி நழுவியது. நெற்றி வேர்த்துவிட்டது. உதவி செய்யலாம் என்று கையை நீட்டினேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். விடவே இல்லை, வலித்தது. எத்தனையோ தடவை நழுவியபிறகு ஒரு வளையம் நின்றது. நுனியைப் பல்லால் கடித்து இழுத்தான். கோணலாக, தொளதொளவென்று ஒரு முடிச்சு. அண்ணி கடையில் அப்படி எவராவது போட்டிருந்தால் அன்றோடு சீட்டைக் கிழித்திருப்பாள்.

"இந்தக் கைக்கு இப்ப இவ்வளவுதான் பலம். ஈயத்துக்கு இது போதும்" என்றான்.

ஈயம் கழன்றுவிடாமல் பதமாக வீசினான். நுனி துடித்தது. அண்ணி சுற்றினாள். பாழாய்ப்போன அதே இடத்தில் மறுபடியும் சிக்கியது. கைப்பிடியைப் பிடித்தபடி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இழு."

"அறுந்துடும்ங்க."

"அறுக்கத்தான் சொல்றேன். இழு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே சுற்று சுற்றினாள். நரம்பு சட்டென்று லேசாகி, ரீல் தடையில்லாமல் ஓடியது. துள்ளிக்கொண்டு மேலே வந்தது மீன். உள்ளங்கை அளவுதான், அதற்கே நான் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினேன். அண்ணி மீனைப் பார்க்கவே இல்லை. ஈயம் இருந்த இடத்தில் தொங்கிய நரம்புத் துணுக்கைத் தடவிப் பார்த்தாள். கடல் வாடை அடித்த அவனுடைய வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா அறுந்துச்சுங்க" என்றாள்.

அண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அழுதது போதும், இன்னொரு ஈயம் எடு, கட்டணும்" என்று அந்தக் கையையே நீட்டினான்.