அப்பா பார்த்த இரண்டு நோட்டுகள்

நான்கு வயது முடியும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவிப் பார்த்தாள். ஆரணியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் ஊமை. தண்ணீர்ப் பானையைக் கைகாட்டினால், இரண்டு வயது மூத்த அக்கா, தம்பிக்குத் தாகமாம் என்று சொல்லிவிடுவாள். ஐந்து வயதில் பேசத் தொடங்கிய பிறகும் பாதிப் பேச்சை அவளிடமே விட்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்திலும் அது வசதியாகத் தொடர்ந்தது. எழுத்துகள் எனக்குப் பிடிபடவில்லை. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து, புத்தகத்தைப் பார்ப்பதுபோல ஒப்பித்துவிடுவேன். எழுதுவதற்கு அந்த வழி உதவவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் நோட்டை வாங்கி மடியில் வைத்து நிதானமாக எழுதித் தருவாள். மணி அடிக்கப்போகும்போதுதான் தன் நோட்டைத் திறப்பாள். அதில் வரிகள் கோணல்மாணலாக ஓடும்.

நான் மூன்றாவதும் அவள் ஐந்தாவதும் முடித்தபோது, எழுபதுகளின் நடுவில், அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து தறியில் உட்கார முடியாமல் போனது. அப்பாவுக்கு இன்னொரு ஆள் வேண்டும். பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதுதான் தெரு வழக்கம். அப்பா அப்படிச் செய்யவில்லை. யார் நன்றாகப் படிக்கிறார்களோ அவர்கள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று சொல்லி, இரண்டு நோட்டையும் கொண்டுவரச் சொன்னார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. நெய்து முடித்த பட்டுச் சேலையைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். வரிகளின் மேல் விரலை ஓட்டினார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"சின்னவனுது பாரு, ஒரே சீரா வந்துகினு இருக்குது. பெரியவளுதுல கை நிக்கவே இல்லியே" என்று அம்மாவிடம் காட்டினார். பிறகு அக்காவிடம் திரும்பி, "ஏம்மா, உனக்குப் படிப்புல மனசே இல்லியா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அதுவும் அக்கா எழுதினதுதான். மூன்றே வார்த்தை. வாய்க்குள் தயாராக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் சொல்லவில்லை, சொன்னால் எனக்கு அடி விழும். மறுநாள் தறியில் உட்கார்ந்தாள்.

எழுதித் தர ஆளில்லாமல் நான்காவதில் தோற்றேன். அப்பா வாத்தியாரைத் திட்டினார். அதன்பின் பயத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க எட்டாவது வரை ஆனது. எண்பதுகளில் எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாகப் பத்தாவது தேறினேன்.

அதற்கு அடுத்த மாதம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணுக்குப் படிப்பு ஏறலைங்க. பையன் எழுத்துதான் சின்ன வயசுலயே அப்படி இருக்கும்" என்று அப்பா சொன்னார். அக்கா காபித் தட்டோடு நின்றாள். பாயில் உட்கார்ந்திருந்த நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போனதும் பின்வாசலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன். அன்றைக்கு நோட்டு விஷயத்தை நான் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் நிமிரவில்லை.

"உனக்கு அப்ப எங்கடா பேச்சு வந்துச்சி? பாவம், திணறிகினு நின்ன."

அதை அவள் நிஜமாகவே நம்பினாள். அத்தனை வருடமும் அப்படி நினைத்துத்தான் என்னை மன்னித்திருந்தாள். நான் திணறவில்லை. எட்டு வயதில் எனக்கு எல்லா வார்த்தையும் வந்தது.

கழுவிய டம்ளர்களை அவள் நீட்டினாள். வாங்கி உள்ளே கொண்டுபோய் அடுக்கினேன்.