அகலக் குழாய்

எங்கள் மலையில், எடப்புளி நாட்டில், காளியண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. கடையில் மிளகை விற்கப் போட்டால் தராசைத் தட்டிப் பார்ப்பார். டீ வாங்கினால் முகர்ந்து பார்ப்பார். மனைவி செத்த பிறகு அவருக்குச் சோறு பக்கத்து வீட்டிலிருக்கும் கூடப்பிறந்த தம்பி குழந்தைசாமியிடம்தான். தம்பி மனைவி விஜயா போடும் சோற்றை மட்டும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்.

போன வருஷம் அவர் பைக்கில் எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய் துருப்பிடித்து ஓட்டையானது. செம்மேட்டு மெக்கானிக் பிரேம் பழசை மாட்டி ஏமாற்றிவிடுவான் என்று, அடிவாரத்துக்குப் போய்த் தானே ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். இருந்ததிலேயே அகலமானது. வாய்க்கால் அகலமானால் தண்ணீர் தடையில்லாமல் போகிறதே, புகையும் அப்படித்தான் என்பது அவர் கணக்கு.

சத்தம் பிரமாதம். ஆனால் மூட்டையோடு மேடு ஏறும்போது வண்டி திணறியது. முதல் கியரிலேயே முறுக்கி முறுக்கி ஏற்றினார். பெட்ரோல் மளமளவென்று குறைந்தது. மனுஷன் குழாயைச் சந்தேகப்பட்டாரா? அதுதான் இல்லை! வண்டி நிற்பது தம்பி வாசலில் ஆயிற்றே.

"ஏன்டா, பெட்ரோல உருவிக்கிட்டு மண்ணெண்ணெய ஊத்தி வெக்கறயா?"

"நானாங்கண்ணா?"

"இல்லீன்னா கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு."

எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. சத்தியம் கேட்டவரும் செய்தவரும் அப்புறம் ஒருவர் வீட்டுச் சோற்றில் ஒருவர் கை நனைக்கக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேண்டாமுங்க" என்றேன். "நீயும் கூட்டா?" என்று என்னையே முறைத்தார். குழந்தைசாமி கோயிலுக்கு வந்து, அழுதுகொண்டே எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

அதன் பிறகும் வண்டி திணறியது. வேறு வழியில்லாமல் பிரேமிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"இந்தச் சின்ன எஞ்சினுக்கு எதுக்குங்க இவ்வளவு தண்டிக் குழாய்?" என்று பிரேம் சிரித்தான். "ஒல்லிக் குழாய்ல பொகை வெரசா ஓடுமுங்க. அந்த வேகத்துல உள்ள இருக்கற மிச்சப் பொகையவும் இழுத்துட்டுப் போயிரும். அப்பத்தான் புது பெட்ரோலும் காத்தும் நல்லா நெறையும். இதுல மெதுவா ஏறறப்ப அந்த இழுப்பே இல்லீங்க. பறக்கற வண்டிக்குத்தான் இது ஆகும்."

"பெட்ரோலு கொறையுதே?"

"இழுக்காத வண்டிய முறுக்கிட்டே இருந்தா குடிக்காம என்னங்க பண்ணும்?"

ஒல்லிக் குழாய் மாட்டியதும் வண்டி அலுங்காமல் ஏறியது. தம்பி வாசலில் இறங்கியதும் காளியண்ணன் உடைந்துபோனார்.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி."

குழந்தைசாமி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உடுங்கண்ணா, அழுவாதீங்க."

சத்தம் கேட்டு விஜயா, கையில் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"சாமி முன்னால பண்ணுன சத்தியமுங்க மாமா" என்று விம்மியவள் தட்டை உள்ளே எடுத்துப் போனாள்.

காளியண்ணன் தன் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.