உப்பு – தேவையான அளவு

ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பு ஆகாதவர்களுக்கென்று ஒரு தனி அடுப்பு. அதன்முன் ஆயுளில் பாதியைக் கழித்தவளுக்கு வார்டு முழுக்க ஒரே பெயர்: சப்பக்கா. வறுத்த பூண்டு, மிளகு, இறக்கும்போது எலுமிச்சை. இவற்றை வைத்தே நாக்கை ஏமாற்றிவிடுவாள். அவள் வைத்த சூப்புக்காக ஒருவர், உடம்பு குணமான பிறகும், கட்டில் காலைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். கட்டிலோடு உருட்டித்தான் வாசலில் விட்டார்கள். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், ஒரு சக்கரம் இன்னும் கோணல்.

அவள் வேலையிலிருந்து நின்ற சமயம் வீட்டுக்காரருக்கும் சிறுநீரகம் கெட்டு உப்பு நின்றுபோனது. இவரைப்போல் எத்தனை பேர் தட்டைப் பார்த்துக் கண்கலங்குகிறார்களோ என்று, தெரிந்ததையெல்லாம் எழுதிப் பெரிய பதிப்பகம் ஒன்றில் கொடுத்தாள். அவர்கள் ஊறப்போட்டு ஊறப்போட்டு ஒருவழியாகக் கூப்பிட்டார்கள்.

“பிரமாதம்மா. செலவெல்லாம் எங்களுது. ஆனா உப்புச்சப்பில்லாத புத்தகத்தை யாரு வாங்குவா? ஒவ்வொண்ணுலயும் உப்புன்னு ஒரு வரி சேர்த்துடலாம். வேண்டாதவங்க விட்டுக்கட்டும்.”

“வேண்டாதவங்களுக்குத்தான் சார் புத்தகமே!”

காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனி சொந்தச் செலவுதான். கழுத்துச் சங்கிலி போனது. தெருமுனை அச்சகக்காரர் நெஞ்சில் கைவைத்தார்: “உங்க புத்தகம், உங்க இஷ்டம். ஒரு எழுத்தைத் தொடமாட்டோம்மா.”

பிழை பார்க்கக் கூப்பிட்டபோது வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். “நீங்களே பாத்துடுங்க தம்பி” என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரர் வீடு திரும்பிய பிறகு, அச்சகக்காரரே புத்தகக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். அட்டையில் ‘சப்பக்கா சமையல்’. ஆசையாகப் பிரித்தாள். பருப்பு சூப்: பருப்பு, பூண்டு, மிளகு, எலுமிச்சை. கடைசியில், ‘உப்பு – தேவையான அளவு.’ அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். பழச்சாற்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

“தம்பி, உப்பு எங்கேருந்து வந்தது?”

“நீங்க எழுத மறந்துட்டீங்கன்னு டைப் அடிக்கிற பொண்ணு போட்டுட்டாம்மா. சமையல் புத்தகம்னா அந்த வரி இருக்கும்ல? அதுக்குத் தனியா காசுகூட வாங்கல.”

“நீ உப்பு போட்டுத்தான் சாப்பிடறியா?”

“ஆமாம்மா,” என்றார் அச்சகக்காரர், அப்பாவியாக.

கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் சிரித்தார். “எவ்வளவு கெஞ்சியிருப்பேன்! இன்னிக்குத்தான் உனக்கு மனசு வந்திருக்கு.” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பேனாவால் அந்த வரியை அடித்துப் பார்த்தாள். அடித்த இடம்தான் முதலில் கண்ணில் பட்டது. இதை எந்த நோயாளி கையில் கொடுப்பது? பேனாவை மூடிவிட்டு, கட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

சாயங்காலம் பருப்பு சூப் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்காரர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார். இப்போதெல்லாம் அவர் நாக்கு ஏமாறுவதில்லை.

“புத்தகத்துல இருக்கிற மாதிரி ஒருநாள் பண்ணிக் குடேன்,” என்றார். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.