இருபது சதவீதத்துக்கு மேசையைத் தட்டினேன்

லோரித் தொழிலில் டயர் முதல் தேத்தண்ணி வரை எல்லாமே பேரம்தான்; ஒரே விலை என்று எவனாவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கம்பெனியை விலைபேசப் போய்க் கணக்காளரிடம் சிக்கியவர்களே, நாமெல்லாம் ஒரே ஜாதி.

எண்பதுகளின் கடைசி. கிள்ளானில் என் ஆறு லோரிகள் நின்ற வாடகை நிலத்தை அதன் முதலாளி தவுக்கே விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். நானே வாங்காவிட்டால் லோரிகள் நடுரோட்டில். கையில் காசில்லை. சுபாங் ஜெயா கம்பெனி ஒன்று என் தொழிலில் பாதியை வாங்க வந்தது. விலை போட, முதலில் முதலீட்டின் செலவை, அதாவது போட்ட காசு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் சம்பாதிக்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டுமாம். என் கணக்காளர், பிரிக்பீல்ட்ஸ் சிவபாலன் சார், ஃபைலோடு வந்து உட்கார்ந்தார்.

பயமில்லாத வட்டி

பயமே இல்லாமல் காசு போட்டால் என்ன வட்டி கிடைக்கும் என்று ஆரம்பித்தார். அப்படி ஓர் இடமே கிடையாது, என் மச்சானுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றேன். அரசாங்கத்துக்குக் கொடுக்கும் கடனைத்தான் சொல்கிறேன் என்றார். லோரி கழுவிக்கொண்டிருந்த டிரைவர் மணியம் நிமிர்ந்தான்.

"அரசாங்கமே கடன் வாங்குதா? அப்ப நான் அட்வான்ஸ் கேட்டா மட்டும் ஏண்ணே முறைக்கிறீங்க?"

என்னைப் போல் ஒருவன்

அடுத்து, பங்குச் சந்தையில் என்னைப் போல ஒரு கம்பெனி வேண்டுமாம். அதன் பங்கு எவ்வளவு ஏறி இறங்குகிறதோ, அதுதான் என் தொழிலின் ஆபத்தாம். தேடித் தேடிக் கப்பல் கம்பெனி ஒன்றைப் பிடித்தார். எனக்கு வந்ததே கோபம். என் லோரிக் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன், என்னைக் கப்பல்காரனோடு சேர்க்கிறீரே என்று கத்தினேன். அவர் பேனாவை மூடவே இல்லை.

"கப்பலுக்கும் டீசல், உம்மட லோரிக்கும் டீசல். இதைவிட நல்ல ஒற்றுமை இருந்தாக் காட்டும், எழுதுறன்."

சொந்தக் காசு

என் சொந்தக் காசுக்கு என்ன லாபம் எதிர்பார்க்கிறேன் என்று கேட்டார். சொந்தக் காசுக்கு ஏது செலவு, பூஜ்யம் போடுங்கள் என்றேன். அதே காசை வேறு தொழிலில் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி கோப்பையை நங்கென்று வைத்தாள்.

"யாரு காசு? என் நகைய அடகு வெச்ச காசு சார். எனக்கு இருபது பர்சன்ட் போடுங்க."

மேசைக்கடியில் ஓர் உதை

பேச்சுவார்த்தைக்குச் சுபாங் ஜெயா போனோம். அந்தக் கம்பெனியின் அதிகாரி சாந்தி, ரவாங் ஊர்ப் பிள்ளை. பதினைந்து சதவீதம் என்றாள். வீட்டில் இருபது கேட்கிறாள், இவள் பதினைந்து தருகிறாளா? பதினெட்டு என்றேன். சிவபாலன் சார் மேசைக்கடியில் உதைத்தார். இன்னும் ஏற்றச் சொல்கிறார் என்று நினைத்து இருபது என்று மேசையைத் தட்டினேன். மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். என் ஆயுளில் எவனும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை.

சார் வெளியே இழுத்துப்போனார். நாளைக்கு வரப்போகும் லாபத்தை இந்தச் சதவீதத்தால் வகுத்துத்தான் இன்றைய விலையாம். சதவீதம் ஏறினால் விலை இறங்குமாம். முதல் நாளே சொன்னாராம். அப்போது நான் கப்பலைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேனாம்.

திரும்ப உள்ளே போய், வாழ்நாளில் முதல் தடவையாகக் கீழ்நோக்கிக் கெஞ்சினேன். பத்தொன்பது, பதினெட்டு என்று இறங்கிப் பதினாறில் நின்றாள். அதற்குக் கீழே அசையவில்லை.

"விக்கிறவங்களே வெலையக் கொறைக்கச் சொல்லி மேசையத் தட்டி இப்பதான் பாக்குறேன் அங்கிள். அந்த ஒரு பர்சன்ட் எனக்கு நிக்கட்டும் லா."

பதினாறில் வந்த பணம் முழு நிலத்துக்குப் போதாமல், தவுக்கே ஓரத்தில் ஒரு துண்டைக் கழித்துக்கொண்டுதான் நிலத்தைக் கொடுத்தார் என்பதால், ஒரு சதவீதம் என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு வேலிக்கு வெளியே நிற்கும் என் ஆறாவது லோரியைக் காட்டிவிடுகிறேன்.