ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி

1. உரித்த தாள்

அரியலூர் பஸ் கண்டக்டர் பெட்டியை என் கையில் கொடுத்தபோதே தெரிந்துவிட்டது, ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது என்று. திறந்து பார்த்தால் திரை மேல் ஒட்டிவரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காணோம். கடை வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தத் தாளின் அருமை தெரியும். அதை ஓரத்தில் நகத்தால் நெம்பிச் சர்ரென்று உரிப்பதற்காகவே இருபத்தாறு வருடம் இந்த வேலையில் நீடித்தேன் என்று சொன்னாலும் பெரிய பொய்யில்லை. இந்த முறை உரித்தவர் கலைச்செல்வி.

திருச்சியில் ஹெட் ஆபீஸ் உள்ள வீட்டு உபயோகப் பொருள் கடை எங்களுடையது. பெரம்பலூர் கிளைக்கு நான் மேனேஜர், அரியலூருக்குக் கலைச்செல்வி. என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். புதுச் சரக்கு எது வந்தாலும் முதலாளி ஒரே ஒரு சாம்பிள் பீஸ் அனுப்புவார். இரண்டு கிளையும் மூன்று மூன்று நாள் வைத்துப் பார்த்து, தனித்தனியாக ரிப்போர்ட் எழுத வேண்டும். மிக்ஸி, ஏர் ஃப்ரையர் எல்லாம் இப்படித்தான் வந்து போயின. இப்போது வந்தது, கையில் பிடித்தபடி ஆடும் வீடியோ கேம் கன்சோல்.

ரிப்போர்ட் நன்றாக இருக்கும் கிளைக்கு டெமோ கவுண்டர் கிடைக்கும். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒன்றுதான். மேலே லைட் போட்ட மேஜை, உட்கார்ந்து ஆட நாலு ஸ்டூல். அரியலூரில் ஏற்கெனவே ரயில் நிற்கிறது. எங்களுக்கு எங்கே போனாலும் பஸ்தான். கவுண்டரும் அங்கேயே போனால் பெரம்பலூரின் மானம் என்னாவது என்று எனக்கு நானே பொதுநலம் பேசிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. போன இரண்டு தடவையும் அவர் ரிப்போர்ட்தான் ஜெயித்திருந்தது.

பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. ‘சார், பேட்டரி அஞ்சு மணி நேரம் வருது. சார்ஜர் பின் டைட்டா இருக்கு, பாத்துப் புடுங்குங்க. கலை.’ உதவியாகத்தான் எழுதியிருந்தார். நான் அதைச் சவாலாகப் படித்தேன்.

2. சோதனை

ஆன் செய்தேன். கூடவே வந்த கார் ரேஸில் ஒரு பட்டியல் விரிந்தது. முதல் வரியில் ஆங்கில எழுத்தில் ‘கலை’. நேரம் 1:48.

நான் பார்க்க வேண்டியது பேட்டரி, சூடு, திரை, ஸ்பீக்கர், பட்டன், வாடிக்கையாளர் கருத்து. நான் பார்த்தது அந்த 1:48ஐ. என் முதல் ஓட்டம் 3:10. அதில் பாதி தூரம் எதிர்த்திசையில்.

முதல் நாள் முழுக்க குடோனில், வாஷிங் மெஷின் பெட்டிகளுக்கு நடுவே ஆடினேன். இரண்டாம் நாள் பாடாலூரில் ஒரு ஃப்ரிட்ஜ் புகார். டெக்னீஷியன் போக வேண்டிய வேலைக்கு நானே பஸ் ஏறினேன், குலுக்கலில் பட்டன் எப்படி என்று சோதிப்பதாகப் பெயர். பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “அந்த வளைவுல பிரேக்கப் போடுங்க தம்பி, இல்லாட்டி மோதிருவீங்க” என்றார். போட்டேன். பாடாலூர் தாண்டிப் போனதே தெரியவில்லை. திருச்சி டோல்கேட்டில் இறங்கித் திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள் லப்பைக்குடிக்காட்டு யூசுப் பாய் கடைக்கு வந்தார். ஃப்ரிட்ஜிலிருந்து அயர்ன் பாக்ஸ் வரை எல்லாம் எங்களிடம் வாங்குபவர்.

“என்ன மேனேஜர், புது கேமா? கொடுங்க பாப்போம். துபாய்ல மவன் இதத்தான் வாங்கவான்னு கேட்டுக்கிட்டு இருக்கான்.”

“டெஸ்டிங்ல இருக்கு பாய். வெளிய குடுக்கக் கூடாது.”

“டெஸ்டிங்னா நாலு பேரு தொட்டுப் பாக்குறதுதானே?”

“ஆபீஸ் ரூல்ஸ் பாய்.”

அப்படி ஒரு ரூல் கிடையாது. நான் கடைசி வளைவில் இருந்தேன், அவ்வளவுதான்.

பாய் என் கட்டைவிரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். “வெளையாடுங்க, வெளையாடுங்க. இன்ஷா அல்லாஹ் ஜெயிப்பீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் உழைப்பில் நான் எட்டியது 1:56.

3. ரிப்போர்ட்

தோற்றவனுக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் பேட்டரி இரண்டே முக்கால் மணி நேரத்தில் படுத்துவிட்டது. உடனே எழுதினேன்: ‘ஐந்து மணி நேரம் வரும் என்று யாராவது சொன்னால் அது கற்பனை.’ அந்த ‘யாராவது’ என்ற சொல்லை மிகவும் ரசித்துப் போட்டேன். வாடிக்கையாளர் கருத்து என்ற இடத்தில், ‘யாரும் முன்வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் ஒரே லைனில் பிடித்தார்.

“ஏன் சேகரு, அந்தம்மா அஞ்சு மணிங்குது, நீங்க ரெண்டே முக்கால்ங்குறீங்க. ரெண்டு பேரும் ஒரே பீஸத்தானே வச்சிருந்தீங்க?”

“கடிகாரத்த வச்சுப் பாத்தேங்க” என்றேன், மிடுக்காக.

கலைச்செல்வி கேட்டார்: “சார், பிரைட்னஸ் எவ்ளோ வச்சிருந்தீங்க?”

“ஃபுல்லு.”

“அதான் சார் சீக்கிரம் எறங்கியிருக்கு. கடைக்குள்ளதானே இருந்தீங்க, எதுக்கு ஃபுல்லு?”

படிக்கும் கண்ணாடி வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. கவுண்டரில் போட்டுக்கொண்டால் வயது தெரியும் என்று சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன்.

“எழுத்து தெரியலம்மா” என்றேன்.

முதலாளி சிரித்தார். கலைச்செல்வி சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

“செட்டிங்ஸ்ல எழுத்தப் பெருசாக்கிக்கலாம் சார். எங்க மாமியாருக்கு அப்படித்தான் வச்சுக் குடுத்தேன்.”

“மாமியாரா ஆடுனாங்க?” என்றார் முதலாளி.

“ஆமாங்க. எனக்கு இந்த ரேஸ்லாம் சுத்தமா வராது. கடைக்கு வந்தவங்க கைலயெல்லாம் குடுத்தேன், சிமெண்ட் லாரி டிரைவருங்க ரெண்டு பேரு, ஒரு டீச்சரம்மா. அவங்க சொன்னதத்தான் ரிப்போர்ட்ல எழுதுனேன். மாமியாரு கால்ல மாவுக்கட்டு போட்டு வூட்ல உக்காந்திருக்காங்க, அவங்க என் பேர்லயே ஆடுனாங்க.”

“அப்ப அந்த ஒன்னு நாப்பத்தெட்டு...” என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“அவங்கதான் சார். நீங்க பாத்தீங்களா?”

“கண்ணுல பட்டுது” என்றேன்.

4. கவுண்டர்

கவுண்டர் அரியலூருக்குப் போனது. திறப்பு விழாவுக்கு நானும் போக வேண்டியிருந்தது. லைட், மேஜை, நாலு ஸ்டூல், எல்லாம் நான் மனதில் பெரம்பலூரில் போட்டு வைத்திருந்த மாதிரியே இருந்தன. ஒரு ஸ்டூலில் மாவுக்கட்டுக் காலை நீட்டி, இன்னொன்றில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் அதே சாம்பிள் பீஸ். பட்டியலில் இரண்டாம் வரியில் என் பெயர், பக்கத்தில் எத்தனை தடவை முயன்றேன் என்ற கணக்கு. அதை அழிக்காமலே அனுப்பியிருக்கிறேன்.

“நீங்கதான் பெரம்பலூர் சாரா? நூத்திப் பதினாலு தடவயா ஆடுனீங்க?”

“டெஸ்டிங்குக்குங்க.”

“ஒன்னு அம்பத்தாறுன்னா ரெண்டாவது வளைவுல பிரேக்கப் போடுறீங்க போல. அங்க போடவே கூடாது.”

புதிதாகக் கடை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாம்பிள் கைக்கு வந்தால் சாம்பிளைப் பாருங்கள், அதை உங்களுக்கு முன்னால் யார் பிரித்தார் என்று பார்க்காதீர்கள். கேட்கிற பாய் கையில் கொடுங்கள். எழுத்து தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். என் ரிப்போர்ட்டில் உருப்படியாக இருந்திருக்கக் கூடிய ஒரே வரி அதுதான், நான் எழுதாமல் விட்டதும் அதைத்தான்.

அந்த அம்மாள் கன்சோலை நீட்டினார். எல்லோர் முன்னாலும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது வளைவில் பிரேக் போடவில்லை.

1:51.

“பரவால்லயே” என்றார் அவர்.

கவுண்டர் போனதை மன்னித்துவிட்டேன். அந்தப் ‘பரவால்லயே’வை இன்னும் மன்னிக்கவில்லை.